கறவைக் குழாயில் ஒரு விளக்கு: ஒளி சென்சார்கள் பாலில் எதைப் பார்க்கின்றன, எதைப் பார்ப்பதில்லை

1843-ல் பாரிஸில் ஆல்ஃபிரட் டோன்னே என்ற மருத்துவர் லாக்டோஸ்கோப் என்றொரு சின்னக் கருவியை அறிமுகப்படுத்தினார். ஒன்றுக்குள் ஒன்று திருகும் இரண்டு குழாய்கள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கண்ணாடி. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் பாலை விட்டு, அதன் வழியாக எரியும் மெழுகுவத்தியைப் பார்க்க வேண்டும். திருகத் திருகப் பால் அடுக்கின் தடிமன் கூடும். சுடர் கண்ணுக்கு மறையும் இடத்தில் நிறுத்தி அளவைப் படித்தால், பாலில் கொழுப்பு எவ்வளவு என்று ஒரு கணக்குக்கு வந்துவிடலாம். மெல்லிய அடுக்கிலேயே சுடர் மறைந்தால் கெட்டிப் பால். தடித்த அடுக்கிலும் சுடர் தெரிந்தால் யாரோ தண்ணீர் கலந்திருக்கிறார்கள்.

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் துல்லியம் வரவில்லை. ஒரே அளவு கொழுப்பு உள்ள இரண்டு பால்கள் வெவ்வேறு தடிமனில் சுடரை மறைத்தன. 1890-ல் அமெரிக்காவில் ஸ்டீபன் பாப்காக், கந்தக அமிலத்தை ஊற்றிக் கொழுப்பைத் தனியே பிரித்து, சுழற்றி, குப்பியின் கழுத்தில் நேரடியாக அளந்து காட்டினார். அதற்குப் பிறகு ஒளியைப் பற்றிப் பல பத்தாண்டுகள் பெரிதாக யாரும் பேசவில்லை.

இன்று கறவை இயந்திரத்தின் பால் குழாயிலேயே சில எல்.இ.டி. விளக்குகளும் ஒளி உணரிகளும் உட்கார்ந்திருக்கின்றன. மாடு பால் தந்துகொண்டிருக்கும்போதே கொழுப்பு, புரதம், லாக்டோஸ், ரத்தக் கலப்பு என்று திரையில் எண்கள் வருகின்றன. டோன்னேயைத் திணறடித்த சிக்கல் தீர்ந்துவிட்டதா என்றால், முழுக்க இல்லை. அதைச் சுற்றிப் போகும் வழிகளைக் கற்றுக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். இந்தச் சென்சார்களிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது அந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டால்தான் விளங்கும்.

வெள்ளை நிறமே முதல் தொல்லை

பசும்பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர். மீதியில் கொழுப்பு 4 சதவீதத்தை ஒட்டியும், புரதம் 3.3-ஐ ஒட்டியும், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை 4.7-ஐ ஒட்டியும் இருக்கும். தாது உப்புகள் 0.7 சதவீதம் அளவில். இதில் லாக்டோஸும் உப்புகளும் தண்ணீரில் கரைந்துவிடுகின்றன, அதனால் அவை ஒளியைக் கலைப்பதில்லை. கலைப்பவை இரண்டு: கொழுப்பு உருண்டைகள், கேசீன் புரதத் திரள்கள்.

கொழுப்பு உருண்டைகளின் விட்டம் 0.1 மைக்ரோமீட்டரிலிருந்து 10 மைக்ரோமீட்டருக்கும் மேல் வரை போகும். சராசரி 3 அல்லது 4. ஒரு மில்லி பாலில் இவை நூற்றுக்கணக்கான கோடிகளில் மிதக்கின்றன. கேசீன் திரள்கள் இன்னும் பொடி. பெரும்பாலானவை 150, 200 நானோமீட்டர்தான். இவ்வளவு சின்னத் துகள்கள் சிவப்பைவிட நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கும். கொழுப்பை எடுத்துவிட்ட பால் லேசாக நீலம் பூத்தாற்போல் தெரிவது இதனால்தான்.

பாலுக்குள் நுழையும் ஒளிக்கதிர், பனிமூட்டத்தில் அகப்பட்ட வண்டியின் முகப்பு விளக்கு மாதிரி. நேராகப் போவது கொஞ்சம். மற்றதெல்லாம் துகளுக்குத் துகள் மோதி, திரும்பி, பக்கவாட்டில் ஒதுங்கி, எங்கோ வெளியே வரும். எவ்வளவு ஒளி வெளியே வந்தது என்று அளப்பது சுலபம். வராத ஒளி உறிஞ்சப்பட்டதா, வேறு திசையில் சிதறிப் போனதா என்று சொல்வதுதான் கடினம். தெளிவான திரவம் என்றால் செறிவு இரட்டிப்பானால் உறிஞ்சலும் இரட்டிப்பாகும் என்ற நேர்க்கணக்கு எடுபடும். பாலில் எடுபடாது. ஒளி உள்ளே எவ்வளவு தூரம் அலைந்தது என்பதே பாலுக்குப் பால் மாறுகிறது.

டோன்னேயின் கருவி சறுக்கியதும் இங்கேதான். அது அளந்தது கொழுப்பை அல்ல, ஒளிச்சிதறலை. அதே அளவு கொழுப்பு பொடிப்பொடி உருண்டைகளாக இருந்தால் ஒருவிதமாகவும், பெரிய உருண்டைகளாக இருந்தால் வேறுவிதமாகவும் ஒளி சிதறும். கேசீனும் நடுவில் தன் பங்குக்குக் குழப்பும்.

கண்ணுக்குத் தெரியாத நிறங்கள்

வழி எங்கே கிடைத்தது என்றால், அகச்சிவப்பில். ஒவ்வொரு வகை வேதிப் பிணைப்பும் தனக்கே உரிய அதிர்வெண்ணில் அதிரும்; அந்த அதிர்வுக்குப் பொருந்தும் அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும். கொழுப்பில் நிறைந்திருக்கும் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு, புரதத்தின் நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு, தண்ணீரின் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கைரேகை உண்டு. சிதறல் மட்டும் இருந்தால் எல்லாத் துகளும் ஒன்றுபோலத்தான் தெரியும். உறிஞ்சல்தான் எது எது என்று பிரித்துச் சொல்கிறது.

1964-ல் இங்கிலாந்தில் ஜே. டி. எஸ். கோல்டன் என்ற ஆய்வாளர் நடு அகச்சிவப்பில் பாலை அளக்கும் முறையை வெளியிட்டார். கொழுப்பை 5.7 மைக்ரோமீட்டரிலும், புரதத்தை 6.5-லும், லாக்டோஸை 9.6-லும் படிக்கலாம் என்பது அதன் சாரம். இன்று உலகம் முழுக்கப் பால் ஆய்வகங்களில் ஓடும் பெரிய இயந்திரங்கள் அந்த வழியில் வந்தவை. ஐ.எஸ்.ஓ. 9622 என்ற சர்வதேசத் தரநிலையே இந்த முறைக்கு இருக்கிறது.

அப்படியானால் அதையே மாட்டுக்கொட்டகையில் மாட்டிவிடலாமே? முடியாததற்குக் காரணம் தண்ணீர். நடு அகச்சிவப்பைத் தண்ணீர் அவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது. ஒளி மறுபக்கம் வர வேண்டுமானால் பால் அடுக்கு 50 மைக்ரோமீட்டர் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன். அந்த இடுக்கில் பாலைச் செலுத்தப் பம்பு வேண்டும், வடிகட்ட வேண்டும். கொழுப்பு உருண்டைகளை உடைத்து ஒரே அளவாக்க வேண்டும், வெப்பநிலையை 40 டிகிரி செல்சியஸ் அளவில் கட்டிப்போட வேண்டும். ஆய்வகத்தில் இதெல்லாம் சரி. நிமிடத்துக்குச் சில லிட்டர் நுரைத்துக்கொண்டு ஓடும் கறவைக் குழாயில் நடக்காது.

அதனால் பண்ணைச் சென்சார்கள் பெரும்பாலும் அண்மை அகச்சிவப்பைப் பிடித்துக்கொண்டன. கண்ணுக்குத் தெரியும் சிவப்பைத் தாண்டி 2500 நானோமீட்டர் வரை உள்ள பகுதி இது. இங்கே தெரிவது பிணைப்புகளின் மூல அதிர்வு அல்ல, அதன் மடங்குகள். ஆகையால் உறிஞ்சல் பலவீனம். ஒன்றன்மேல் ஒன்று படிந்தும் கிடக்கும். தண்ணீருக்கு 970, 1450, 1940 நானோமீட்டர்களில் மேடுகள். கொழுப்புக்கு 930-ஐ ஒட்டி ஒன்று, 1200-ஐ ஒட்டி ஒன்று. புரதத்தின் தெளிவான அடையாளம் 2000-ஐத் தாண்டித்தான் கிடைக்கும். பலவீனம் என்பதே இங்கே ஒரு வசதியும் ஆகிறது: ஒளி சில மில்லிமீட்டர் பாலைக் கடந்து வர முடியும். குழாயின் ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கமோ அதே பக்கத்திலோ உணரி. பாலை எடுத்துத் தயார் செய்ய வேண்டியதில்லை.

இங்கே விலையும் உள்ளே வருகிறது. சாதாரண சிலிக்கான் உணரி 1100 நானோமீட்டருக்கு மேல் குருடு. அதற்கு மேலே பார்க்க இண்டியம் காலியம் ஆர்சனைடு உணரி வேண்டும். அது பல மடங்கு விலை. இருபது இடங்களில் பால் கறக்கும் கொட்டகைக்கு இருபது சென்சார் என்றால் இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. மலிவான சென்சார் கொழுப்பை நன்றாகவும் மற்றவற்றை ஒப்பேற்றியும் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடலாம். மேஜைமேல் வைக்கும் சிறிய பால் பகுப்பாய்வுக் கருவிகள் பல, ஒளியை அல்ல, மீயொலி அலையைப் பயன்படுத்துபவை. இரண்டும் ஒரே மாதிரி எண்களைத் திரையில் காட்டுவதால் ஒன்றாக நினைத்துவிடுகிறோம். அவற்றின் குறைகளும் நிறைகளும் வேறு.

ஒரு மாடு கறந்து முடிப்பதற்குள்

1992-ல் நெதர்லாந்தில் லெலி நிறுவனத்தின் கறவை ரோபோ முதல் பண்ணையில் வேலைக்கு வந்தது. ரோபோ வந்ததும் ஒரு பழைய பழக்கம் காணாமல் போயிற்று: கறப்பவர் முதல் இரண்டு பீச்சைத் தனியே விட்டு, திரி திரியாக இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது. அந்தக் கண்ணுக்குப் பதிலாக ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. இன்று குழாயில் இருக்கும் ஒளி சென்சார்கள் பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ரோபோக்களில் ஒவ்வொரு காம்பின் பாலும் தனித்தனியே சென்சாரைக் கடக்கும். நிறம், மின்கடத்துத்திறன், வெப்பநிலை எல்லாம் காம்பு வாரியாகப் பதிவாகும். ரோபோ இல்லாத கொட்டகைகளுக்கு, பால் மீட்டரோடு சேர்த்துப் பொருத்தும் அண்மை அகச்சிவப்புக் கருவிகள் வந்தன. இஸ்ரேலின் அஃபிமில்க் நிறுவனம் விற்கும் அஃபிலேப் அந்த வகை.

இவற்றுக்கு வேலை எவ்வளவு கடினம் என்று பார்க்க ஒரே ஒரு கறவையை எடுத்துக்கொள்வோம். கறக்க ஆரம்பித்தவுடன் வரும் பாலில் கொழுப்பு 1 அல்லது 2 சதவீதம்தான் இருக்கும். கடைசியில் மடி வடியும்போது வருவதில் 8, சில நேரம் 10 சதவீதம்கூட இருக்கும். கொழுப்பு உருண்டைகள் மடியின் உள்ளறைகளிலேயே தங்கி, பால் நன்றாக இறங்கிய பிறகுதான் வெளியே வருகின்றன. ஆகவே "இந்த மாட்டின் கொழுப்பு 4 சதவீதம்" என்பது எந்த ஒரு நொடியின் உண்மையும் அல்ல. சென்சார் கறவை முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்து, அந்தந்த நேரத்தில் எவ்வளவு பால் ஓடியது என்பதையும் சேர்த்துச் சராசரி போட வேண்டும். கடைசி அரை நிமிடத்தின் ஓட்டத்தைத் தவறாக அளந்தால் கொழுப்புக் கணக்கே புரண்டுவிடும். ஒளியின் பிழை என்று நாம் நினைப்பது பல நேரம் பால் மீட்டரின் பிழை.

இதற்கிடையில் குழாயில் ஓடுவது பால் மட்டும் அல்ல. வெற்றிடத்தில் உறிஞ்சி இழுப்பதால் காற்றும் கலந்து, நிமிடத்துக்கு 60 தடவையை ஒட்டிய துடிப்போடு அலை அலையாக வருகிறது. ஒவ்வொரு காற்றுக் குமிழியும் ஒளியைச் சிதறடிக்கும். கொழுப்பா, குமிழியா என்று சென்சாருக்குத் தெரியாது. அதனால் வடிவமைப்பவர்கள் பால் ஒரு நொடி தேங்கி நிற்கும்படி ஒரு சிறு குழிவை வைத்து, அந்த நொடியில் மட்டும் விளக்கை மினுக்குவது போன்ற ஏற்பாடுகளைச் செய்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் இயற்பியலைவிட இந்தக் குழாய் வேலைதான் ஒரு சென்சார் தேறுமா தேறாதா என்பதைத் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம்.

எண்ணைவிட நகர்வு முக்கியம்

சரி, ஆய்வகத்தைவிடத் துல்லியம் குறைவு என்று தெரிந்தும் இதை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?

மாதம் ஒருமுறை மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் முறையில், ஒரு மாட்டைப் பற்றி மாதத்துக்கு ஒரு நல்ல எண் கிடைக்கும். ஆனால் அந்த ஒரு நாள் மாடு மிரண்டிருந்தாலோ, தீவனம் மாறியிருந்தாலோ எண்ணும் மாறிவிடும். குழாய்ச் சென்சார் நாளுக்கு இரண்டு முறை என்றால் மாதத்துக்கு 60 எண்கள் தரும். ஒவ்வொன்றிலும் 0.3 சதவீதப் புள்ளி முன்பின் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் பிழை தாறுமாறான பிழையாக இருக்கும்வரை, 60 எண்களின் சராசரியில் அது 0.04 அளவுக்குச் சுருங்கிவிடும். ஒரே பக்கமாகச் சாயும் பிழை மட்டும் எத்தனை முறை அளந்தாலும் போகாது. ஆனால் அது தினமும் ஒரே அளவாக இருந்தால் நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடுவதைப் பாதிக்காது. ஒரு மாட்டை அதனோடே ஒப்பிடுவதற்குச் சரியான எண் தேவையில்லை, ஒழுங்கான எண் போதும்.

லாக்டோஸ் இதற்கு நல்ல உதாரணம். பாலின் பொருள்களிலேயே மிகக் குறைவாக ஏறி இறங்குவது அதுதான், ஏனென்றால் பாலில் எவ்வளவு தண்ணீர் சேர வேண்டும் என்பதையே லாக்டோஸ்தான் தீர்மானிக்கிறது. அது கூடினால் தண்ணீரும் கூடவே இழுபடும். செறிவு ஏறக்குறைய அப்படியே நிற்கும். மடிநோய் வந்தால் கதை மாறுகிறது. பால் சுரக்கும் செல்களுக்கு இடையிலான இறுக்கமான இணைப்புகள் தளர்ந்து, லாக்டோஸ் ரத்தத்துக்குக் கசியும். ரத்தத்திலிருந்து சோடியமும் குளோரைடும் பாலுக்குள் வரும். எப்போதும் 4.8-ல் நிற்கும் ஒரு மாடு மூன்று கறவையாக 4.5-க்கு இறங்கியிருந்தால் பார்க்க வேண்டிய விஷயம். 4.6-லேயே பழகிய இன்னொரு மாட்டுக்கு 4.5 ஒன்றுமே இல்லை. பொதுவான ஒரு எல்லைக்கோட்டைப் போட்டு இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. லாக்டோஸ் இறக்கமும், உப்பு கூடுவதால் வரும் மின்கடத்துத்திறன் ஏற்றமும் சேர்ந்து வந்தால் சந்தேகம் உறுதிப்படும். அதனால்தான் நல்ல அமைப்புகளில் ஒளி தனியாக வேலை செய்வதில்லை.

கொழுப்புக்கும் புரதத்துக்கும் உள்ள விகிதம் இன்னொன்று. கன்று ஈன்ற முதல் சில வாரங்களில் மாடு தின்பதைவிடக் கறப்பது அதிகம். பற்றாக்குறையை ஈடுகட்டத் தன் உடம்புக் கொழுப்பைக் கரைக்கிறது. அந்தக் கொழுப்பு பாலுக்குள் வருகிறது. சக்தி போதாததால் புரதம் இறங்குகிறது. விகிதம் 1.4, 1.5-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் கீட்டோசிஸ் (உடம்புக் கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைவதால் வரும் நோய்) வரக்கூடும் என்று எச்சரிக்கையாகலாம். எதிர்ப்பக்கம், அடர்தீவனம் கூடி நார்த்தீவனம் குறைந்தால் முதல் இரைப்பையில் அமிலம் மிகுந்து பால் கொழுப்பு சரியும். விகிதம் 1-க்குக் கீழே போகிற மாடுகள் பலவாக இருந்தால் மாட்டைப் பார்ப்பதற்கு முன் தீவனத் தொட்டியைப் பார்ப்பது நல்லது. இந்த விகிதத்தை மட்டும் வைத்து ஒரு மாட்டுக்கு நோய் என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் ரத்தப் பரிசோதனைக்கு எந்த ஐந்து மாட்டைப் பிடிக்கலாம் என்று சொல்ல இது தாராளமாகப் போதும்.

ரத்தக் கலப்பைப் பிடிப்பது இவற்றில் எளிது. ஹீமோகுளோபின் 540-லிருந்து 580 நானோமீட்டர் வரையிலான பச்சை, மஞ்சள் ஒளியை விழுங்கும், சிவப்பை விட்டுவிடும். சிவப்பு அப்படியே இருக்க, பச்சையும் நீலமும் இறங்கினால் ரத்தம். நீலம் மட்டும் இறங்கினால் மஞ்சள் நிறமி, அதாவது சீம்பாலாக இருக்கலாம். மூன்று நிற விளக்கு போதும். ஆனால் பசுந்தீவனம் தின்ற பசுவின் பாலும் கரோட்டினால் லேசாக மஞ்சளிக்கும். எருமையோ கரோட்டினை வைட்டமின் ஏ-வாக மாற்றிவிடுவதால் பால் வெள்ளையாகவே இருக்கும். கொழுப்பு பசும்பாலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பசுவுக்குப் பழக்கிய சென்சாரை எருமைக்கு அப்படியே மாட்டினால் வரும் எண்களுக்கு அர்த்தம் இல்லை.

செல்களை எண்ணுவது வேறு விவகாரம்

மடிநோயின் அதிகாரப்பூர்வ அளவுகோல் சொமாட்டிக் செல் எண்ணிக்கை, பெரும்பகுதி வெள்ளணுக்கள். நலமான மடியில் மில்லிக்கு 1 லட்சத்துக்குக் கீழே இருக்கும். 2 லட்சத்தைத் தாண்டினால் தொற்று என்று சந்தேகிப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் பண்ணைப் பாலுக்கு 4 லட்சம் வரை அனுமதிக்கிறது, அமெரிக்கா 7.5 லட்சம் வரை. "எங்கள் சென்சார் செல் எண்ணிக்கையைச் சொல்கிறது" என்று விளம்பரம் வந்தால் அங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு செல்லின் விட்டம் சுமார் 10 மைக்ரோமீட்டர். மில்லிக்கு 2 லட்சம் செல் என்றால் எல்லாவற்றையும் சேர்த்தாலும் பாலின் கன அளவில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான கோடிக் கொழுப்பு உருண்டைகள், அவற்றில் பெரியவை செல் அளவுக்கே இருக்கும். வெறும் ஒளியைப் பாய்ச்சி அந்தச் செல்களை நேரடியாகப் பார்த்தோம் என்று சொல்வது கடினம். இப்படிச் சொல்லும் பல சென்சார்கள் உண்மையில் பார்ப்பது நோயின் பக்கவிளைவுகளை: லாக்டோஸ் இறக்கம், உப்பு ஏற்றம், புரத வகைகளின் மாற்றம். அது பயனற்றது அல்ல. ஆனால் அது ஊகம், எண்ணிக்கை அல்ல.

நிஜமாக எண்ண வேண்டுமானால் செல்லுக்கு மட்டும் வெளிச்சம் போட வேண்டும். செல்லுக்குள் டி.என்.ஏ. இருக்கிறது, கொழுப்பு உருண்டையில் இல்லை. டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு ஒளிரும் சாயத்தைக் கலந்து, அது ஒளிரும் நிறத்தை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் கருப்புத் திரையில் புள்ளிகளாகச் செல்கள் தெரியும். ஆய்வகக் கருவிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. டெலாவல் நிறுவனம் தன் ரோபோவோடு தரும் செல் எண்ணும் கருவியும் சாயம் கலந்து கேமராவால் எண்ணுவதே. இதற்கு ஒவ்வொரு பரிசோதனைக்கும் சாயம் செலவாகும், பாலைத் துளி எடுத்துக் கலக்க நேரம் பிடிக்கும். ஆனால் வருவது எண்ணிக்கை.

எந்த இடத்தில் அளக்கிறோம் என்பதும் இங்கே முக்கியம். மூன்று காம்பில் 1 லட்சம், ஒரு காம்பில் 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நான்கும் சம அளவு பால் தந்தால் கலந்த பாலில் 2.75 லட்சம் வரும். கெட்ட காம்பு பொதுவாகக் குறைவாகத்தான் கறக்கும், ஆகவே உண்மையில் இன்னும் குறைவாகத் தெரியும். பார்ப்பவர் "கொஞ்சம் அதிகம்தான்" என்று விட்டுவிடுவார். காம்பு வாரியாகப் பார்க்கும் எளிய சென்சார், கலந்த பாலைப் பார்க்கும் உயர்ரகச் சென்சாரை இந்த இடத்தில் தோற்கடித்துவிடும்.

பால் தரம் என்று பொதுவாக நாம் சொல்வதில் இன்னும் இரண்டு உண்டு: கிருமி எண்ணிக்கை, மருந்து எச்சம். இரண்டும் குழாய்ச் சென்சாரின் எல்லைக்கு வெளியே. பென்சிலின் ஜி-க்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் உச்ச வரம்பு ஒரு கிலோ பாலுக்கு 4 மைக்ரோகிராம். அண்மை அகச்சிவப்பு நம்பிக்கையாகப் பார்ப்பது கிலோவுக்கு ஒரு கிராம் அளவில் இருக்கும் பொருளை என்று வைத்தால், இடைவெளி இரண்டரை லட்சம் மடங்கு. மென்பொருளை மேம்படுத்திக் கடக்கக்கூடிய தூரம் இல்லை அது. அதற்கு வேதிப் பட்டைகளும் ஆய்வகமும்தான்.

பழக்குவதும் கழுவுவதும்

இந்தச் சென்சார்களுக்குக் கொழுப்பு என்றால் என்னவென்று தெரியாது. சில நூறு பால் மாதிரிகளை ஒளியிலும் அளந்து, ஆய்வகத்திலும் அளந்து, இரண்டையும் ஒரு புள்ளியியல் கணக்கால் முடிச்சுப் போடுகிறார்கள். பிறகு அந்த முடிச்சுதான் பேசுகிறது. பழக்கிய மாடுகள் ஒரே இனம், ஒரே பண்ணை, ஒரே பருவம் என்றால், வேறு இடத்துக்குப் போனதும் அது தடுமாறும். தண்ணீரின் உறிஞ்சல் மேடுகூட வெப்பநிலையோடு நகரும். குளிர்காலக் காலையில் குழாயில் பால் சற்று ஆறியிருந்தாலே போதும், அந்தக் கணக்கு அதைப் புரதம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

விற்பவர்கள் காட்டும் தொடர்புக் கெழுவை (சென்சார் எண்ணும் ஆய்வக எண்ணும் எவ்வளவு ஒத்து ஏறி இறங்குகின்றன என்பதைச் சொல்லும் எண், 1 என்றால் முழு ஒற்றுமை) பார்க்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கொழுப்பு 1-லிருந்து 10 வரை ஆடுவதால் சுமாரான சென்சாரும் 0.95 என்று அழகான எண்ணைக் காட்டிவிடும். லாக்டோஸ் குறுகிய எல்லைக்குள் நிற்பதால் நல்ல சென்சாருக்கும் எண் மோசமாகத் தெரியும். கேட்க வேண்டியது சராசரிப் பிழை எத்தனை சதவீதப் புள்ளி என்பதையும், பழக்குவதற்குப் பயன்படுத்தாத பண்ணையில் சோதித்தீர்களா என்பதையும்தான். இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சுற்றி வளைத்து வந்தால் அதுவே ஒரு பதில்.

பிறகு அழுக்கு. பால் ஓடும் கண்ணாடியில் கொழுப்புப் படலம் படியும். கால்சியம் பாஸ்பேட் சேர்ந்து பால்கல் ஆகும். காரமும் அமிலமும் மாறி மாறி விட்டுக் கழுவினால்தான் போகும், ஏனென்றால் கொழுப்புக்குக் காரம், கல்லுக்கு அமிலம். இரண்டில் ஒன்றைத் தவிர்த்தால் ஒளி மெல்ல மங்கும். எல்.இ.டி.யின் வெளிச்சமும் சூட்டோடும் வயதோடும் குறையும். சென்சாரைப் பொறுத்தவரை விளக்கு மங்குவதும் கண்ணாடி அழுக்காவதும் கொழுப்பு கூடுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கழுவும் தண்ணீர் குழாயில் ஓடும்போது அதைப் படித்து, அதையே பூஜ்ஜியமாக வைத்துத் திருத்திக்கொள்வது ஒரு வழி.

இதைவிட எனக்குப் பிடித்தது செலவே இல்லாத இன்னொரு சோதனை. இருபது இடம் உள்ள கொட்டகையில் மாடுகள் தோன்றிய இடத்தில் போய் நிற்கும். ஆகவே ஒரு வாரச் சராசரி எடுத்தால் இருபது இடங்களிலும் கொழுப்பு ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். 7-ம் எண் இடத்தில் மட்டும் தினமும் 0.3 கூடுதல் என்றால் அங்கே நல்ல மாடுகள் நிற்கின்றன என்று அர்த்தம் இல்லை, கண்ணாடியைப் பார்க்க வேண்டும். மொத்தத் தொட்டிப் பாலுக்கு ஆய்வகம் தரும் எண்ணோடு எல்லாச் சென்சாரின் கூட்டுச் சராசரியையும் ஒப்பிட்டால் ஒட்டுமொத்தச் சாய்வும் தெரிந்துவிடும். பல அமைப்புகள் இந்தத் திருத்தத்தைத் தாமாகவே செய்கின்றன. பாலுக்குக் காசு ஆய்வக எண்ணின்படி, மாட்டைப் பார்ப்பது சென்சார் எண்ணின்படி என்ற ஏற்பாடு இதனால்தான் முரண்படாமல் ஓடுகிறது.

மணி அடிக்கும்போது

கடைசியாக, எச்சரிக்கைகள். 100 மாடு, நாளுக்கு இரண்டு கறவை, ஆக 200 அளவீடு. நலமான பாலை 95 சதவீதம் சரியாக அடையாளம் காணும் சென்சார் என்றால் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தினமும் 10 பொய் எச்சரிக்கை வரும். உண்மையான புது மடிநோய் சில நாளுக்கு ஒன்று வந்தாலே அதிகம். இரண்டு வாரத்தில் பண்ணைக்காரர் பட்டியலைப் பார்ப்பதையே விட்டுவிடுவார், அது யாருடைய தவறும் இல்லை. 99 சதவீதம் என்றால் பொய் இரண்டாகக் குறையும், அதைப் போய்ப் பார்க்க மனம் வரும். எல்லைக்கோட்டை இறுக்கினால் பொய் குறையும், கூடவே ஆரம்ப நிலை நோய்கள் சில நழுவும். இதற்கு நடுவில் எங்கே நிற்பது என்பதைச் சென்சார் தயாரிப்பவர் பொதுவாக முடிவு செய்துவிடுகிறார். முடிந்தால் பண்ணைக்காரர் கையில் இருக்க வேண்டிய திருகு அது.

நடைமுறையில் எடுபடுவது படிப்படியான முறை. ஒரே கறவையின் எண்ணை நம்பி மருந்து போடுவதில்லை. அடுத்தடுத்து இரண்டு மூன்று கறவையில் அதே திசையில் நகர்ந்தால் பட்டியலில் சேர்ப்பது. பட்டியலில் வந்த மாட்டின் நான்கு காம்பையும் கையால் பீச்சி, மடிநோய்ச் சோதனைத் திரவத்தில் கலந்து பார்ப்பது. கூழாகத் திரண்டால் அந்தக் காம்பின் பால் மட்டும் ஆய்வகத்துக்கு. சென்சார் இங்கே செய்த வேலை, 100 மாட்டில் எந்த இரண்டை இன்று தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்னது மட்டும். அதே ஒளியைக் கொண்டு இன்னொரு வேலையும் நடக்கிறது: பாலாடைக்கட்டிக்கு நன்றாக உறையும் பாலையும் மற்றதையும் கறக்கும்போதே பிரித்து இரண்டு தொட்டிக்கு அனுப்புவது. அங்கே தவறு நடந்தால் ஒரு தொட்டியின் பால் சற்றே சுமாராகும். மாட்டின் மடி விஷயத்தில் தவறினால் ஒரு காம்பே போய்விடலாம். ஒரே சென்சார்தான், ஆனால் இரண்டு வேலைக்கும் ஒரே எல்லைக்கோட்டை வைக்கக் கூடாது.